கல்மீன் முள் குத்தினால்: சென்னைக் கடலோரத்துக்கான முழு வழிகாட்டி

கல்மீன் முள் குத்திய காலையோ கையையோ உடனே சூடான நீரில் வைக்க வேண்டும். சூடு 42 முதல் 45 டிகிரி செல்சியஸ். நேரம் 30 முதல் 90 நிமிடம். குத்திய இடத்துக்கு மேலே கயிறோ துணியோ இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. அவசரத்தில் படிக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். மீதியைத் தண்ணீர் சூடாகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படகில் போகிறவர்கள், ஏலக்கூடத்தில் மீன் பிரிக்கிறவர்கள், பாறைமேல் நின்று தூண்டில் போடுகிறவர்கள், கொளத்தூரில் கடல்மீன் வாங்கி வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறவர்கள், ராமேஸ்வரம் பக்கமோ அந்தமானுக்கோ முக்குளிக்கப் போகிற சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் பயன்படும்படி இதை எழுதியிருக்கிறோம்.

எங்கே இருக்கும்

உலகிலேயே அதிக விஷமுள்ள மீன் என்று சொல்லப்படுவது இதுதான். நம் பக்கத்துக் கடல்களுக்கு உரியவை முக்கியமாக இரண்டு இனங்கள். பவளப்பாறையிலும் கற்களுக்கிடையிலும் வாழ்வது சைனான்சியா வெருக்கோசா. முகத்துவாரம், சேறு கலந்த மணல், ஆழமில்லாத கரையோரத் தரை ஆகிய இடங்களில் கிடப்பது சைனான்சியா ஹொரிடா. இரண்டும் தரையோடு தரையாகக் கிடப்பவை; நீந்துவது அபூர்வம்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அலை புரளும் வெறும் மணலில் கால் நனைப்பவர்களுக்கு இந்த மீனால் பெரிய பயமில்லை. அங்கே அலையின் இழுப்புதான் ஆளைக் கொல்வது. கவனம் வேண்டியது கல்லும் சேறும் உள்ள இடங்களில்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல் கொட்டிய தூண்டில் வளைவுகள், எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு ஏரி வாய், கோவளத்துப் பாறைகள், இழுவைமடி அடித்தரையை வாரிக்கொண்டு வரும் விசைப்படகின் மேல்தட்டு. மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் லட்சத்தீவிலும் பவளப்பாறை இருப்பதால், அங்கே தரையில் கால் ஊன்றும் முன் இன்னும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம்

பெரும்பாலும் ஒரு முழத்துக்கு உட்பட்ட மீன். 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம் சகஜம். செதில் கிடையாது. தோல் முழுக்க மரு மரு. அந்த மருக்களிலிருந்து கசியும் பிசுபிசுப்பில் பாசியும் மண்ணும் ஒட்டிக்கொள்ளும். நிறம் சாம்பலும் பழுப்பும். நடுவே ஆரஞ்சு, மஞ்சள், செம்மண் திட்டுகள் இருக்கலாம். கல்லில் வளரும் பாசியின் நிறமும் அதேதான், அதனால் நிறத்தை நம்பித் தேடினால் கண்ணுக்குப் படாது.

வாயைத் தேடுங்கள். இதன் வாய் மேல்நோக்கித் திறக்கும்; மூடியிருக்கும்போது கல்லில் ஓடிய விரிசல் மாதிரி ஒரு வளைந்த கோடு தெரியும். கண்கள் மிகச் சின்னவை, தலையின் உச்சியில். பக்கத் துடுப்புகள் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியவை. அவற்றால் மணலை இரு பக்கமும் தள்ளிப் பள்ளம் பறித்து, உடம்பைப் பாதி புதைத்துக்கொள்ளும். பக்கத்தில் இறாலோ சின்ன மீனோ வந்தால் வாய் திறந்து உறிஞ்சுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் சுமார் 66-ல் ஒரு பங்கு. மற்ற நேரமெல்லாம் அசைவே இருக்காது. கால் நெருங்கினாலும் ஓடாது. ஆபத்தின் வேரே அதுதான்.

இதன் உறவுக்கார மீன்களான தேள்மீன்களோடு குழப்பிக்கொள்வது வழக்கம். தேள்மீனுக்குக் கண் பக்கவாட்டில் பெரிதாக இருக்கும், வாய் முன்னோக்கி இருக்கும், செதில் தெரியும். சிங்கமீனோ கோடு கோடாக, நீண்ட துடுப்பை விரித்துக்கொண்டு மிதப்பது, குழப்பத்துக்கு இடமில்லை. மூன்றுக்கும் முள்ளில் விஷம் உண்டு, முதலுதவியும் ஒன்றே. ஆகவே குத்திய பிறகு பெயரைத் தீர்மானிக்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

முள் வேலை செய்யும் விதம்

முதுகில் பெரும்பாலும் 13 முட்கள். அடித்துடுப்புகளிலும் சில விஷமுட்கள் உண்டு, ஆனால் மனிதரைக் குத்துவது அநேகமாக முதுகுமுள்தான். ஒவ்வொரு முள்ளும் தடித்த தோலுறைக்குள் மறைந்திருக்கும். முனை மட்டும் லேசாகத் தெரியலாம், அதுவும் தெரியாமல் போகலாம். முள்ளின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம், ஒவ்வொரு பள்ளத்தையும் ஒட்டி ஒரு விஷப்பை. மேலிருந்து கால் அழுத்தும்போது உறை கீழே சுருளும், பை நசுங்கும், விஷம் பள்ளத்தின் வழியே ஏறிக் காயத்துக்குள் இறங்கும். மீன் தானாக எதையும் செலுத்துவதில்லை. எவ்வளவு எடையோடு மிதிக்கிறோமோ, எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, எத்தனை முள் ஏறுகிறதோ, விஷமும் அவ்வளவு. ஒரு விரல் உரசியதற்கும் 70 கிலோ ஆள் படகிலிருந்து குதித்து மிதித்ததற்கும் உள்ள வித்தியாசம் இதனால்தான்.

இந்த விஷம் புரதம். வெப்பம் பட்டால் சிதையும். சமைத்த கல்மீனை ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் விருந்தில் வைப்பதும், வெந்நீர் முதலுதவியாவதும் இதே காரணத்தால்தான். ஆனால் மீன் செத்துவிட்டால் விஷம் போய்விடும் என்று நினைப்பது தப்பு. ஐஸ் பெட்டியில் கிடக்கிற மீனின் முள்ளையும் உயிரோடு இருக்கிற மீனின் முள்ளாகவே நடத்துங்கள்.

குத்து வாங்காமல் இருக்க

ஹவாய் செருப்பு பாதுகாப்பில்லை. அந்த மென்மையான அடியை முள் துளைத்துக்கொண்டு வரும். கடினமான தடித்த அடியுள்ள ஷூ ஆபத்தைக் குறைக்கும், முழுவதும் நீக்காது. மணலிலும் சேற்றிலும் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தள்ளி நடங்கள். திருக்கையாக இருந்தால் அதிர்வு உணர்ந்து விலகிவிடும். கல்மீன் விலகாது, ஆனாலும் தேய்த்து வரும் கால் அதன் விலாவில் இடிக்குமே தவிர முதுகில் ஏறாது. பாறையில் இந்த நடை பலிக்காது. அங்கே கம்பால் தட்டிப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும், கைக்குப் பிடிப்பு தேடி நீருக்கடியில் பொந்துக்குள் விரலை விடக் கூடாது. முக்குளிப்பவர்களுக்கு மிதப்புக் கட்டுப்பாடு சரியாக வராத வரை தரைக்கு மிக அருகில் போகாமலிருப்பது நல்லது. நிலை தடுமாறி முழங்காலை ஊன்றும் இடத்தில்தான் குத்து விழும்.

விசைப்படகில் ஆபத்து மிகுந்த நேரம், மடியை அவிழ்த்துக் கொட்டியபின் கழிவுமீனைப் பிரிக்கும் நேரம். சேறு, நண்டு, சிப்பி, கல் எல்லாம் கலந்த குவியலில் கல்மீனும் ஒரு மண்கட்டியாகத்தான் தெரியும். முதலில் கடல்தண்ணீரை அடித்துக் குவியலைக் கழுவுங்கள். சேறு போனால் உருவம் தெரியும். பிறகு கையால் அளையாமல், நீண்ட பிடியுள்ள வாரியால் பரப்புங்கள். குவியலுக்கு மேல் யாரும் குந்த வேண்டாம். ரப்பர் கையுறை நண்டுக்கொடுக்குக்குச் சரி, இந்த முள்ளுக்கு அது ஒரு தடையே இல்லை. கல்மீன் இருந்தால் மண்வாரியால் அள்ளி நேராகக் கடலில் விடுங்கள். தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு இருக்கக்கூடிய மீன் என்பதால், அசையாமல் கிடக்கிறதே என்று காலால் தள்ளிவிட வேண்டாம்.

வலையைக் கரையில் உலர்த்தி உதறும்போது சிக்கிய மீனை மணலில் எறிவது வழக்கமாக இருக்கிறது. இந்த மீனை மட்டும் அப்படி எறியவே கூடாது. குப்பத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற மணல் அது. வலையோடு அறுத்தெடுத்து, ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள்.

வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒரே விதி: மீன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் உறுதிசெய்யாமல் தொட்டிக்குள் கை போகக் கூடாது. கண்ணாடி துடைக்க நீண்ட கருவி, இடம் மாற்ற மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. வலைத்தூரி வேண்டாம், முள் வலையில் மாட்டிக்கொள்ளும், அதை எடுக்கப் போன விரல் மாட்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த மீனே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

குத்திவிட்டால்: முதல் ஐந்து நிமிடம்

வலி உடனே வரும், அதுவும் சாதாரண வலியில்லை. பெரிய ஆட்களே கத்தி, புரண்டு, மயங்கிவிடுவார்கள். ஆகவே முதலில் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். விஷத்தைவிட முழங்கால் ஆழ நீரில் மயங்கி மூழ்குவது வேகமாகக் கொல்லும். படகில் என்றால் விளிம்பிலிருந்து உள்ளே இழுத்துப் படுக்க வையுங்கள்.

மோதிரம், மெட்டி, கொலுசு, காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அப்போதே கழற்றுங்கள். வீக்கம் அரை மணிக்குள் ஏறலாம், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்துண்டு எளிதாக வரும்போலிருந்தால் இடுக்கியால் நேராக இழுத்தெடுங்கள். ஆழமாகப் போனதையும், மூட்டிலோ கழுத்திலோ மார்பிலோ வயிற்றிலோ ஏறியதையும் தொட வேண்டாம். காயத்தைச் சுத்தமான நீரில் கழுவுங்கள். இதெல்லாம் இரண்டு மூன்று நிமிட வேலை. இன்னொருவர் அதற்குள் தண்ணீரைச் சுட வைத்திருக்க வேண்டும். 108-க்கும் அவரே பேசிவிடட்டும். கடலில் இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

வெந்நீர்

எல்லாரும் சொதப்புகிற இடம் இது. ஆறிப்போன நீரில் பயனில்லை, கொதிக்கிற நீரில் கால் வெந்துவிடும். இரண்டும் நடக்கிறது. 45 டிகிரியைத் தோல் நெடுநேரம் தாங்கும். 50-ல் சில நிமிடங்களில் புண்ணாகும். 60-ல் சில நொடிகளே போதும். ஐந்து டிகிரியில் விஷயம் கெட்டுவிடுகிறது என்பதால் அளவு முக்கியம்.

ஒரு பங்கு கொதிநீருக்கு நான்கு பங்கு குழாய்நீர். சென்னையில் குழாய்நீர் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியிருக்கும். 2 லிட்டர் கொதிநீரும் 8 லிட்டர் குழாய்நீரும் கலந்தால் 44 வரும், வாளி கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு 43-ல் நிற்கும். ஆனால் கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டி நீரே 38-ஐத் தொட்டிருக்கும். அப்போது அதே ஒன்றுக்கு நான்கு கலந்தால் 50 ஆகிவிடும், கால் வெந்துபோகும். அந்த மாதங்களில் ஒன்றுக்கு ஒன்பது போதும். மார்கழிக் காலையில் ஒன்றுக்கு நான்கு கலந்தாலும் சூடு சற்றுக் குறைவாகவே நிற்கும். இன்னும் கொஞ்சம் கொதிநீர் தேவைப்படும்.

கலந்தபின் சோதித்தே தீர வேண்டும். காய்ச்சல் தெர்மாமீட்டரில் 42-க்கு மேல் நம்பிப் பார்க்க முடியாது. மீன்தொட்டிக்கோ சமையலுக்கோ விற்கும் தெர்மாமீட்டர் நல்லது. எதுவும் இல்லாவிட்டால் உதவிக்கு இருப்பவர் முழங்கையை 30 நொடி உள்ளே வைக்க வேண்டும். நன்றாகச் சுட வேண்டும், ஆனால் எடுத்துவிடத் தோன்றக் கூடாது. பிறகு குத்து வாங்கியவர் குத்துப்படாத காலை அதே வாளியில் வைத்துப் பார்க்கட்டும். குத்திய காலை நம்பக் கூடாது. அந்த வலியில் தோல் வேகிறதா என்பதே தெரியாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு இரண்டு காலையுமே நம்ப முடியாது, வேறொருவர் முழங்கைதான் அளவுகோல். சின்னப் பிள்ளைகளுக்கு 42-ஐத் தாண்ட வேண்டாம். கீசர் குழாய்க்கு நேர்கீழே காலைக் காட்டுவது யாருக்குமே கூடாது.

குத்திய இடத்துக்கு மேலே ஒரு சாண் வரை மூழ்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சூட்டைப் பாருங்கள். 10 லிட்டர் நீருக்கு அரை லிட்டர் கொதிநீர் சேர்த்தால் சுமார் 3 டிகிரி ஏறும்; ஊற்றும்போது காலை வெளியே எடுத்துவிட்டு, கலக்கி, சோதித்து, மறுபடி வையுங்கள். பலருக்கு 10, 20 நிமிடத்தில் வலி இறங்கத் தொடங்கும். இறங்கிவிட்டதே என்று உடனே எடுக்க வேண்டாம், 30 நிமிடமாவது இருக்கட்டும். எடுத்தபின் வலி திரும்பினால் மறுபடி வைக்கலாம்.

நாட்டுப்படகிலும் ஃபைபர் படகிலும் அடுப்பு இருக்காது. கடலுக்குப் போகும்போது டீ பிளாஸ்க்கோடு இன்னொரு பிளாஸ்க் வெறும் கொதிநீர் கொண்டுபோவது செலவில்லாத காப்பு. காலையில் ஊற்றியது நண்பகலில் 75 டிகிரி வாக்கில் இருந்தால், 1 லிட்டருக்கு 2 லிட்டர் கடல்நீர் கலக்க 44 வரும். பிளாஸ்க்குக்கு பிளாஸ்க் சூடு மாறும் என்பதால் இங்கேயும் முழங்கைச் சோதனை தப்பக் கூடாது. வாளி இல்லையென்றால் தடித்த பாலிதீன் பையில் நீரை ஊற்றிக் காலை உள்ளே விட்டு, வெளியே துண்டைச் சுற்றுங்கள். மூன்று லிட்டரிலேயே பாதம் மூழ்கிவிடும், சூடும் சற்று நேரம் நிற்கும்.

வெப்பம் வேறு வழியில் கிடைத்தால் என்ன என்று லைட்டரையும் சிகரெட்டையும் காயத்தில் வைப்பவர்கள் உண்டு. தோல்தான் கருகும், ஆழத்தில் உள்ள விஷத்துக்குச் சூடு போய்ச் சேராது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சிறுநீர், மஞ்சள் எதுவும் வேண்டாம். பிளேடால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் புது நோய்க்கிருமியைக் கொண்டுவரும். கயிறு கட்டுவது எல்லாவற்றிலும் மோசம். விஷம் அந்த ஒரே இடத்தில் தேங்கிச் சதையைச் சாகடிக்கும், ரத்த ஓட்டமும் நிற்கும்.

கல்மீன்தானா?

கெளுத்தி, இருங்கெளுத்தி, திருக்கை, ஓரா, தேள்மீன் எது குத்தியிருந்தாலும் மேலே சொன்ன வெந்நீர் முறையே செல்லும். திருக்கைவால் ஆழமாகக் கிழித்து ரத்தம் கொட்டினால் முதலில் துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள்.

ஒரே விலக்கு கடற்பாம்பு. மடியில் அதுவும் வரும். அதன் கடியில் வலி அநேகமாக இருக்காது. பல் பதிந்த புள்ளிகூடச் சரியாகத் தெரியாது. அரை மணி முதல் சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், இமை சரிதல், பின்பு கருஞ்சிவப்புச் சிறுநீர். அங்கே வெந்நீருக்கு வேலையில்லை. கையையோ காலையோ அசைக்காமல் மரச்சட்டம் வைத்து, படுத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். துடிக்கத் துடிக்க வலித்தால் மீன்முள், வலியே இல்லாத கடி என்றால் பாம்பு என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனையில்

வலி அடங்கிவிட்டாலும் போயே ஆக வேண்டும். காசிமேடு, ராயபுரம் பக்கத்துக்கு ஸ்டான்லி, நகர நடுவில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அல்லது ராயப்பேட்டை, பழவேற்காட்டுக்குப் பொன்னேரி அரசு மருத்துவமனை கிட்ட. கோவளத்துக்குத் தெற்கே இருந்தால் செங்கல்பட்டு அரசு மருத்துவக்கல்லூரி. போகும் வழியிலும் வெந்நீர் தொடரட்டும். மூச்சுத் திணறல், மயக்கம், தாறுமாறான நாடித்துடிப்பு, வியர்த்துக் குளிர்தல், விடாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் வெந்நீருக்காகக் காத்திராமல் உடனே கிளம்புங்கள்.

மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்: குத்திய நேரம், எத்தனை துளை, வெந்நீரில் எவ்வளவு நேரம் இருந்தது, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டு, சர்க்கரை அல்லது கல்லீரல் நோய் உண்டா. மீனின் படம் இருந்தால் காட்டுங்கள். மீனைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மீன் விஷம் பற்றி மருத்துவருக்கு ஆலோசனை வேண்டுமென்றால் தில்லி எய்ம்ஸ் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

பாம்புக்கடி ஊசியைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தைக் கொண்டு செய்யும் அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் உரியது. மீன் விஷத்துக்கு அது பிடிக்காது, ஒவ்வாமை மட்டும் வரலாம். கல்மீனுக்கென்றே ஒரு முறிமருந்து ஆஸ்திரேலியாவில் 1959 முதல் இருக்கிறது. ஒன்றிரண்டு துளைக்கு 1 குப்பி, மூன்று நான்குக்கு 2, அதற்கு மேல் 3, தசையில் போடுவது. நம் மருத்துவமனைகளில் அது வழக்கமாக இருப்பு வைக்கும் மருந்தில்லை. ஆகவே இங்கே நமக்கு வெந்நீர், வலிமருந்து, காயப் பராமரிப்பு மூன்றும்தான் சிகிச்சை. பெரும்பாலானோர் இவற்றிலேயே மீண்டுவிடுகிறார்கள். உயிரிழப்பு மிக அரிது.

வலி அடங்காவிட்டால் காயத்தைச் சுற்றியோ நரம்பைக் குறிவைத்தோ மரப்பு ஊசி போடுவார்கள். அதற்குப் பிறகு வெந்நீரில் வைக்கவே கூடாது, மரத்த கால் வெந்தாலும் தெரியாது. முள்துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆழமான துளையை உடனே தையல் போட்டு மூடாமல் திறந்தே ஆறவிடுவதுதான் முறை.

அடுத்த நாட்கள்

கடுமையான வலி 6 முதல் 24 மணி நேரம் வரை நிற்கலாம். காயத்தின் ஓரம் வெளுத்துப் பிறகு நீலம் பாய்ந்து, பாதம் முழுக்க வீங்கி, தொடை இடுக்கில் நெறி கட்டுவது எதிர்பார்க்கக்கூடியதே. காலை உயர்த்தி வையுங்கள், தினமும் கழுவிக் கட்டு மாற்றுங்கள். காயம் மூடும் வரை கடல்தண்ணீரிலும் மீன் கழுவும் தண்ணீரிலும் கால் வைக்காதீர்கள்.

முதல் இரண்டு நாளில் காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, ரத்தம் கோத்த கொப்புளம் கண்டால் அது விஷத்தின் மிச்சமில்லை. கடல்நீரில் வாழும் விப்ரியோ போன்ற கிருமிகள் உள்ளே போயிருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இது சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக மாறும். நடு இரவானாலும் கிளம்ப வேண்டும். மருத்துவரிடம் கடல் காயம் என்று சொல்லுங்கள், ஆன்டிபயாடிக் தேர்வே அதனால் மாறும்.

வீக்கம் முழுதாக வற்ற சில வாரங்கள் பிடிக்கலாம். ஒரு மாதம் கழிந்தும் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலித்தாலோ, ஆறிய வாய் திரும்பத் திரும்பத் திறந்து நீர் கசிந்தாலோ, முள்ளின் உறையோ முனையோ உள்ளே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் தெரியாததும் அல்ட்ராசவுண்டில் தெரியக்கூடும். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டி எடுத்துவிடுங்கள்.